இடது காலின் விலை

கார் ஓட்டுகிறவர்களின் வலது காலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வேகமும் அதன் கையில், சாரி, காலில். பிரேக்கும் அதன் பொறுப்பு. இடது கால் பாவம். கிளட்சை மிதி, விடு, மறுபடி மிதி, மறுபடி விடு. நகரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தக் கால் எத்தனை முறை வேலை செய்தது என்று யாரும் எண்ணுவதில்லை. வலிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் அந்தக் காலுக்கு 1939-ன் கடைசியில் விடுதலை கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன்னுடைய 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற கியர் பாக்ஸை வைத்தது. கிளட்ச் மிதியே கிடையாது. நான்கு கியர்களும் எண்ணெய் அழுத்தத்தால் தானாக மாறிக்கொள்ளும். இந்தச் சௌகரியத்துக்கு வாடிக்கையாளர் தர வேண்டிய கூடுதல் தொகை 57 டாலர்.

57 டாலர் பில்லில் இருந்தது. பில்லில் வராத இன்னொரு விலையும் இருந்தது. அது பெட்ரோல் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் உறைக்காமல் வசூலானது. அந்த இரண்டாவது விலையின் கதை இது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் சோம்பேறிகளுக்கான வண்டி என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அந்தக் காலத்தில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. பல்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகவில்லை என்றால் 'கர்ர்ர்' என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதைக் குறைக்க வந்ததுதான் 1928-ல் காடிலாக் அறிமுகப்படுத்திய சிங்க்ரோமெஷ். அதை உருவாக்கியவர் ஏர்ல் தாம்ஸன் என்ற பொறியாளர். கியர் சத்தத்தை அடக்கிய அதே மனிதர்தான் அடுத்து கிளட்ச் மிதியையே எடுத்துவிடும் வேலையில் இறங்கினார். ஹைட்ரா-மேட்டிக் அவர் தலைமையில் நடந்த வேலையின் பலன்.

1942 பிப்ரவரியில் போர் காரணமாக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. ஹைட்ரா-மேட்டிக் மட்டும் நிற்கவில்லை. எம்5 என்ற இலகு ரக டாங்கியில் இரண்டு காடிலாக் வி8 இன்ஜின்கள், அவற்றோடு இரண்டு ஹைட்ரா-மேட்டிக் கியர் பாக்ஸ்கள். போர்க்களத்தில் டாங்கியை இழுத்த சாமான் குடும்பக் காரை இழுக்காதா? போர் முடிந்ததும் விற்பனையாளர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

போர் இன்னொன்றையும் விட்டுச் சென்றது. கால் இழந்து வீடு திரும்பிய இளைஞர்கள். 1946 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. போரில் ஒரு காலையோ இரண்டு கால்களையுமோ இழந்த வீரர்களுக்கு 1,600 டாலர் வரை மதிப்புள்ள கார் அரசு செலவில் கொடுக்கப்படும். ஓல்ட்ஸ்மொபீல் 'வேலியண்ட்' என்ற பெயரில் அவர்களுக்கென்றே கைக் கட்டுப்பாடுகளைத் தயாரித்துத் தந்தது. அதற்கு அடித்தளம் ஹைட்ரா-மேட்டிக்தான். இடது கால் இல்லாத ஒருவருக்குக் கிளட்ச் மிதி இல்லாத கார் ஆடம்பரமா என்ன? வேலைக்குப் போக, கடைக்குப் போக, யாரையும் எதிர்பார்க்காமல் நாலு இடம் போய்வர அதுதான் வழி.

ஆகவே இடது காலுக்கு விடுதலை கொடுத்தது தப்பே இல்லை. அதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கொடுத்திருக்கத்தான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சரி, பெட்ரோல் எங்கே போனது?

இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். ஆனால் முதல் விசிறியின் வேகத்தை அது ஒருநாளும் எட்டாது. காற்றுக்குப் பதிலாக எண்ணெய், விசிறிகளுக்குப் பதிலாக ஒரே கூட்டுக்குள் இரண்டு சக்கரங்கள். இதுதான் திரவ இணைப்பு. இன்ஜின் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. எண்ணெய் அடுத்த சக்கரத்தைத் தள்ளுகிறது. கார் நின்றிருக்கும்போது எண்ணெய் சும்மா கலங்கிக்கொண்டிருக்கும், இன்ஜின் அணையாது. அதனால்தான் கிளட்ச் மிதி தேவையில்லை.

இரண்டு சக்கரங்களுக்கும் உள்ள வேக வித்தியாசத்துக்கு 'வழுக்கல்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். வழுக்கிய சக்தி எங்கும் மாயமாவதில்லை. எண்ணெயைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். அந்தச் சூட்டைத் தணிக்கத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதாவது காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலில் ஒரு பங்கு எண்ணெயைக் காய்ச்சப் போனது. போதாததற்கு, அழுத்தம் உண்டாக்கும் எண்ணெய்ப் பம்பு இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஓடியாக வேண்டும். அதற்கும் பெட்ரோல்தான் தீனி.

ஹைட்ரா-மேட்டிக்கைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் நான்கு கியர்கள் வைத்தார்கள். மேல் கியர்களில் இன்ஜின் சக்தியின் ஒரு பகுதி மட்டும் எண்ணெய் வழியாகப் போகும், மீதி நேரடியாகப் பல்சக்கரங்கள் வழியாகப் போகும்படி அமைத்தார்கள். வழுக்கல் குறைந்தது. குறை என்னவென்றால், கியர் மாறும்போது ஒரு சின்ன உலுக்கல் தெரியும்.

அந்த உலுக்கலைத்தான் போட்டியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெளி ஆட்கள் கூட இல்லை, அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்து பியூக். 1948-ல் பியூக் 'டைனஃப்ளோ'வைக் கொண்டுவந்தது. இதில் டார்க் கன்வெர்ட்டர். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இன்னொரு சக்கரம் நின்று, திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசைக்குத் திருப்பி அனுப்பும். அதனால் வண்டி கிளம்பும்போது இழுவை பெருகும். சாதாரணமாக ஓட்டும்போது கியரே மாறாது. கிளம்புவதிலிருந்து முழு வேகம் வரைக்கும் ஒரே வழவழப்பு, எண்ணெய் மேல் மிதக்கிற மாதிரி. வண்டி கிளம்புவதற்குள் இன்ஜின் மட்டும் உறுமித் தள்ளும். பாதி உருகிய பனிச்சேற்றில் சக்கரம் சுழல்வதை நினைவுபடுத்தியதாலோ என்னவோ, ஜனங்கள் அதற்கு 'டைனாஸ்லஷ்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

1950-ல் ஷெவர்லே 'பவர்கிளைட்' என்று இதே வழியில் வந்தது. இதுவரை வசதியானவர்கள் வாங்கிய ஆட்டோமேட்டிக் இப்போது மலிவு விலைக் காரிலும் வந்துவிட்டது. ஆனால் கியர் இரண்டே இரண்டு. முதல் மூன்று வருடங்களில் சாதாரண ஓட்டத்தில் கிளம்புவதே மேல் கியரில்தான். டார்க் கன்வெர்ட்டர் பாடுபட்டு இழுக்கும். 1953-ல்தான் கீழ் கியரில் கிளம்பித் தானாக மேலே மாறும்படி திருத்தினார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்த இடம்தான் சுவாரசியம்.

1950-ல் அமெரிக்கக் கார்களின் சராசரி மைலேஜ் ஒரு கேலனுக்கு 15 மைல். நமக்குப் புரிகிற கணக்கில் லிட்டருக்கு 6.4 கிலோமீட்டர். அன்றைக்கு அங்கே ஒரு கேலன் பெட்ரோல் 27 சென்ட். ஒருவர் வருடத்துக்கு 10,000 மைல் ஓட்டுகிறார், ஆட்டோமேட்டிக் காரில் கேலனுக்கு 15 மைல் கிடைக்கிறது, அதே கார் சாதாரண கியரோடு இருந்தால் 16.5 கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் காருக்குக் கார், ஓட்டுகிறவருக்கு ஓட்டுகிறவர் மாறும். இது உதாரணத்துக்குத்தான். ஆட்டோமேட்டிக்குக்கு 667 கேலன், சாதாரண கியருக்கு 606 கேலன். 61 கேலன் கூடுதல். காசாகப் பார்த்தால் வருடத்துக்கு 16 டாலர் 47 சென்ட். ஒரு நாளைக்கு நாலரை சென்ட்.

நாலரை சென்ட்! நாள் முழுக்க இடது காலுக்கு ஓய்வு தர நாலரை சென்ட் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இந்த இடத்தில் அமெரிக்க வாடிக்கையாளர் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. அவர் பக்கத்துக் கணக்கு துல்லியமாகச் சரி. 1950-களின் நடுவிலேயே அங்கே விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஆட்டோமேட்டிக் ஆகிவிட்டன.

மக்கள் எந்த அளவுக்குப் பழகிப்போனார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சாட்சி. 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து அழிந்தது. காடிலாக், ஓல்ட்ஸ்மொபீல், போன்டியாக் எல்லாம் அந்த ஒரு தொழிற்சாலையை நம்பியிருந்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? காடிலாக்கிலும் ஓல்ட்ஸ்மொபீலிலும் பியூக்கின் டைனஃப்ளோவைப் பொருத்தியது. போன்டியாக்கில் ஷெவர்லேயின் பவர்கிளைட். வேறு காருக்காகச் செய்த கியர் பாக்ஸை அவசர அவசரமாக ஒட்டவைத்தாலும் வைப்போம், கிளட்ச் மிதியை மட்டும் வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. நிலைமை அதுதான்.

இப்போது நாலரை சென்ட்டை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அதே உதாரணக் கணக்கில் அப்படிப்பட்ட கார்கள் 3 கோடி ஓடினால், வருடத்துக்கு 183 கோடி கேலன். பீப்பாய்க் கணக்கில் 4 கோடியே 35 லட்சத்துக்கும் மேல். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை, கசிவுக்கும் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், டைனஃப்ளோ வெளிவந்த அதே 1948-ல்தான் உலகத்துக்கே எண்ணெய் விற்ற அமெரிக்கா, விற்பதைவிட வாங்குவது அதிகமான நாடாக மாறியது. ஒருவரின் செலவு மற்றவர் தலையில் விடிவதைப் பொருளாதாரப் புத்தகத்தில் புறவிளைவு என்பார்கள். ஷோரூமில் கையெழுத்துப் போடும் யாருக்கும் அந்த 4 கோடி பீப்பாய் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அன்று இல்லை.

அப்படியானால் சௌகரியத்தோடு கூடவே இந்தக் கசிவும் வந்துதான் தீர வேண்டுமா? இல்லை. இந்தக் கதையில் மனசுக்குக் கஷ்டமான இடம் இதுதான்.

1949-ல் பேக்கார்ட் கம்பெனி 'அல்ட்ராமேட்டிக்' என்ற கியர் பாக்ஸைச் சொந்தமாகச் செய்தது. டார்க் கன்வெர்ட்டரோடு உள்ளே ஒரு சின்ன கிளட்சும் உண்டு. வண்டி கிளம்பும்போது எண்ணெய் வேலை செய்யும். ஓட்டம் சீரானதும் அந்தக் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதற்கப்புறம் வழுக்கல் பூஜ்யம். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடி உறவு, சாதாரண கியர் வண்டி மாதிரியே. அடுத்த வருடம் ஸ்டூடிபேக்கர், போர்க்-வார்னரோடு சேர்ந்து செய்த ஆட்டோமேட்டிக்கிலும் இதே பூட்டு இருந்தது, மூன்று கியர்களோடு.

ஓட்டை எங்கே என்று தெரியும். அதை அடைக்கவும் தெரியும். 1950-லேயே இரண்டு கம்பெனிகள் அடைத்தும் காட்டிவிட்டன.

ஜெயித்ததா? இல்லை. பூட்டு வைக்கச் செலவு அதிகம். அது மிச்சப்படுத்துவதோ வாடிக்கையாளர் கண்ணில் படாத சில்லறை. ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறவருக்கு வழவழப்பு தெரியும், வருடக் கடைசி பெட்ரோல் கணக்கு தெரியாது. 1950-களின் நடுவில் ஸ்டூடிபேக்கர் தன் ஆட்டோமேட்டிக்கைக் கைவிட்டு மலிவான ஒன்றுக்கு மாறியது. பேக்கார்ட் என்ற பெயர் 1958-ஓடு முடிந்தது. ஸ்டூடிபேக்கரின் கடைசி கார் 1966-ல் கனடாவில் வெளிவந்தது. அந்தக் கம்பெனிகள் மூடியதற்குக் காரணங்கள் பல. பூட்டு அவற்றைக் கொல்லவில்லை, காப்பாற்றவும் இல்லை.

சிக்கனத்துக்கு வேறொரு வழியும் இருந்தது. சாதாரண மூன்று கியர் பெட்டியோடு ஓவர்டிரைவ். நெடுஞ்சாலையில் அதைப் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றுவது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். 1950-ல் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கிராண்ட் கேன்யன் வரை நடந்த மொபில்காஸ் சிக்கன ஓட்டப் போட்டியில் முதலிடம் ஓவர்டிரைவ் பொருத்திய மெர்க்குரிக்கு. கேலனுக்கு 26 மைலுக்கு மேல். போட்டியில் ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள், முட்டையை மிதிப்பதுபோல் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்கள் என்பது வேறு விஷயம். அந்த வருட மெர்க்குரியில் ஆட்டோமேட்டிக்கே கிடையாது. அடுத்த வருடம் 'மெர்க்-ஓ-மேட்டிக்' வந்தது. போட்டியில் ஜெயித்தது ஓவர்டிரைவ், ஷோரூமில் ஜெயித்தது ஆட்டோமேட்டிக். ஓவர்டிரைவுக்கு இடது கால் வேண்டுமே!

ஹைட்ரா-மேட்டிக்கின் நான்கு கியர்களுக்கும் இதே கதிதான். உள்ளே சாமான்கள் அதிகம், செய்வதற்கு விலை அதிகம். 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டர்போ ஹைட்ராமேட்டிக்' என்று மூன்று கியர் பெட்டிக்கு மாறியது. உறுதியான பெட்டிதான், சந்தேகமில்லை. ஆனால் 1940-ல் நான்கு கியர் இருந்த இடத்தில் இப்போது மூன்று. ஷெவர்லேயில் இன்னமும் இரண்டு கியர் பவர்கிளைட் ஓடிக்கொண்டிருந்தது. கால் நூற்றாண்டு முன்னேற்றத்துக்குப் பிறகு கியர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது! பொறியாளர்கள் மறந்துவிட்டார்களா? அப்படியில்லை. பெட்ரோல் மலிவாக இருந்தது, இன்ஜின் பெரிதாகிக்கொண்டே போனது. பெரிய இன்ஜினுக்கு நிறைய கியர் எதற்கு?

சராசரி மைலேஜ் 1950-ல் 15 மைல், 1960-ல் 14.3, 1970-ல் 13.5 என்று இறங்கியது. பழி முழுவதையும் கியர் பெட்டி மேல் போடக்கூடாது. வண்டியின் எடை, இன்ஜினின் அளவு, ஏ.சி. எல்லாமே பங்காளிகள். ஆனால் பங்காளிகளில் அதுவும் ஒன்று.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பங்குகளில் வரிசை. 1973-ல் சராசரியாக 39 சென்ட் இருந்த கேலன் 1974-ல் 53 சென்ட். 1974 ஜனவரியில் நாடு முழுக்க மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். 1975 டிசம்பரில் இன்னொரு சட்டம்: 1978 மாடலிலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி கேலனுக்கு 18 மைல் வர வேண்டும், 1985-க்குள் 27.5. பவர்கிளைட்டின் கடைசி வருடமும் 1973-தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனாலும் பொருத்தமான வருடத்தில்தான் விடைபெற்றது.

சட்டம் வந்ததும் கம்பெனிகள் பெட்ரோல் கசியும் ஓட்டையெல்லாம் தேடின. 1978 மாடலில் கிரைஸ்லர் தன் டார்க்ஃப்ளைட் பெட்டிக்குள் ஒரு சின்ன கிளட்சை வைத்தது. ஓட்டம் சீரானதும் இரண்டு சக்கரங்களையும் பூட்டிவிடும் கிளட்ச். ஆமாம், 1949-ல் பேக்கார்ட் வைத்த அதே யோசனை. 1980-ல் ஃபோர்டும் 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தன. நான்காவதாக வந்தது ஓவர்டிரைவ். தாம்ஸனின் நான்கு கியர், பேக்கார்டின் பூட்டு, பழைய ஓவர்டிரைவ். தூக்கிப் போட்ட மூன்றும் ஒரே பெட்டிக்குள் திரும்பி வந்தன, முப்பது வருடம் கழித்து.

இன்று எட்டு, ஒன்பது, பத்து கியர் வரைக்கும் வந்தாகிவிட்டது. மைலேஜில் கையால் மாற்றும் கியருக்குச் சமமாகவும், பல கார்களில் அதைவிட மேலாகவும் ஆட்டோமேட்டிக் நிற்கிறது. கால் இழந்த அந்த 1946 வீரருக்குக் கிடைத்த சௌகரியத்தை இன்று பெட்ரோலை அவ்வளவாக வீணாக்காமல் கொடுக்க முடிகிறது. அப்போதும் இன்னும் கொஞ்சம் குறைவாக வீணாக்கிக் கொடுத்திருக்க முடியும் என்பதுதான் உறுத்துகிறது.

ஒரு நல்ல யோசனை தோற்பதற்கு அது தப்பாக இருக்க வேண்டியதில்லை. அது மிச்சம் பிடிக்கும் பொருள் மலிவாக இருந்தால் போதும். விலை என்பது சந்தையின் குரல் என்று பாடத்தில் படிக்கிறோம். அந்தக் குரல் இன்றைக்கு என்ன விலை என்று மட்டும்தான் சொல்லும். இருபத்தைந்து வருடம் கழித்து பங்கில் நிற்கப்போகும் வரிசையைப் பற்றி 27 சென்ட் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை.

அடுத்த முறை டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் காரில் நெடுஞ்சாலையில் போக வாய்த்தால், வேகம் சீரானதும் இன்ஜின் சுற்று காட்டும் முள்ளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே முள் லேசாகக் கீழே இறங்கும். உள்ளே பூட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். வண்டியை விற்றவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். 1949-லும் அதைச் சொல்லி விற்க முடியவில்லை.